ஆளற்ற நகரம் என்னும் பொய்

1

ஆண்டுதோறும் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பாரிஸ் நகரத்தின் ஒரே வகையான புகைப்படங்கள் நம் கண்ணில் படத் தொடங்குகின்றன. காலை வெயில் சாய்ந்து விழும் வெற்றுத் தெரு. இறக்கி மூடப்பட்ட கடைக் கதவுகள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலியால் பிணைத்த காப்பிக்கடை நாற்காலிகள். ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாலம், அதன் கீழே பச்சை படர்ந்த செய்ன் நதி. படத்தின் அடியில், எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள் என்ற பொருளில் ஒரு வரி. நம்மிடையே புகைப்படக்கலை பற்றி எழுதுகிறவர்கள் இவற்றைப் பரவசத்தோடு வரவேற்கிறார்கள். மௌனத்தின் கவிதை, காலம் உறைந்த வெளி, நகரம் தன்னையே பார்த்துக்கொள்ளும் தருணம் என்றெல்லாம் சொற்கள் பொழிகின்றன.

இந்தப் பரவசத்துக்கு எதிராகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். என் தரப்பைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். ஆகஸ்டில் பாரிஸ் காலியாவதில்லை. காலியாகிவிட்டதாகச் சொல்லும் படம், ஒரு வர்க்கம் ஊரில் இல்லாததை ஊரே இல்லாததாகக் காட்டுகிறது. அழகாக இருக்கிறது என்பதற்காக இந்தப் பொய்யை மன்னிக்க இயலாது. 2003-ஆம் ஆண்டுக்குப் பிறகு நிச்சயமாக இயலாது.

புகைப்படம் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். படத்தின் கீழே எழுதப்படும் சொல்லைப் பற்றித்தான் என் வழக்கு. சொல் என் துறை.

2

முதலில் ஆகஸ்டின் கதையைப் பார்ப்போம். கோடை விடுமுறை பிரெஞ்சுக்காரர்களுக்கு இயற்கை தந்த வரமன்று, போராடிப் பெற்றது. 1936 மே, ஜூன் மாதங்களில் நாடெங்கும் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லெயோன் ப்ளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு அந்த ஜூனிலேயே சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. லெயோ லக்ராஞ்ச் முன்னின்று கொண்டுவந்த சலுகைக் கட்டண ரயில் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கடலையே கண்டிராத குடும்பங்கள் கடலைப் பார்க்கப் போயின. 1956-இல் அது மூன்று வாரமாயிற்று; 1969-இல் நான்கு; 1982-இல் ஐந்து. பெரிய ஆலைகள் ஆகஸ்டில் மொத்தமாகக் கதவை அடைத்தன. ஆகவே பாரிஸின் ஆகஸ்ட் அமைதியில் உழைப்பவர்களின் ஒரு வெற்றி இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை, மதிக்கிறேன்.

ஆனால் அந்த வெற்றி எல்லோரையும் சென்றடைந்துவிட்டதா? பிரெஞ்சு மக்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் விடுமுறைப் பயணம் போவதில்லை என்றே அங்கு எடுக்கப்படும் கணிப்புகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. பணமில்லாதவர்கள், உடல்நலமில்லாதவர்கள், போய்த் தங்க உறவில்லாதவர்கள், மற்றவர்களின் விடுமுறையில்தான் வேலை கிடைக்கிறவர்கள். செக்கூர் பாப்புலேர் என்னும் மக்கள் உதவி அமைப்பு 1979 முதல் 'விடுமுறையில் மறக்கப்பட்டவர்களின் நாள்' என்றே ஒரு நாளை நடத்திவருகிறது. கோடை முழுவதும் எங்கும் போகாத குழந்தைகளை ஆகஸ்டின் பிற்பகுதியில் ஒரே ஒரு நாள் வெளியூருக்கு, பெரும்பாலும் கடற்கரைக்கு, அழைத்துப் போகிறார்கள். 2002-இல் பாரிஸ் நகராட்சி செய்ன் நதிக்கரையின் விரைவுச் சாலையை மூடி, நாற்காலிகளும் பனை மரங்களும் வைத்துச் செயற்கைக் கடற்கரை ஒன்றை உருவாக்கியதும் கடலுக்குப் போக முடியாதவர்களை எண்ணித்தான். 'காலி' நகரத்துக்கு எவரேனும் கடற்கரை அமைப்பார்களா?

இதைவிட அழுத்தமான சான்று ஒன்று ரொட்டிக்கடையில் இருக்கிறது. பாரிஸ் ரொட்டிக்கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விடுமுறை எடுத்துவிட முடியாது என்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. ஒரு பாதியினர் ஜூலையில், மறு பாதியினர் ஆகஸ்டில் என்று முறை வகுக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து ரொட்டிப் பஞ்சத்தின் நினைவில் வேர்கொண்ட அந்தக் கட்டுப்பாடு 2014-இன் இறுதியில்தான் நீக்கப்பட்டது. அதன் உள்ளே இருந்த அறிவைப் பாருங்கள். எந்தத் தெருவாக இருந்தாலும் ஆகஸ்டில் அங்கே யாரோ இருப்பார், அவருக்குக் காலையில் ரொட்டி வேண்டும் என்ற அறிவு அது. ரொட்டி விற்கிறவருக்குத் தெரிந்த இந்தச் செய்தி, கேமராவோடு அதே தெருவில் நிற்பவருக்குத் தெரியாமல் போனது எப்படி?

3

அதற்குப் புகைப்படத்தின் பிறப்பிலேயே ஒரு விடை இருக்கிறது.

1838 வாக்கில் லூயி தாகேர் தம் வீட்டுச் சாளரத்திலிருந்து புல்வார் த்யு தாம்ப்ல் என்னும் பெருந்தெருவைப் படமெடுத்தார். வண்டிகளும் மனிதர்களும் இடையறாது போய்க்கொண்டிருந்த தெரு அது. படத்தில் அவர்கள் இல்லை. தகடு ஒளியை வாங்கப் பல நிமிடங்கள் ஆயின. நகர்ந்தவை எவையும் பதியவில்லை. ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்றதால் பதிந்தார். அவருடைய காலடியில் குனிந்து வேலை செய்பவர் மங்கலாக, இருக்கிறாரா இல்லையா என்னும்படி தெரிகிறார். மனித உருவம் பதிந்த முதல் புகைப்படங்களுள் ஒன்றாக இது கொண்டாடப்படுகிறது. வெற்று நகரத்தின் முதல் படமும் ஏறத்தாழ இதுதான் என்பதையும், அந்த வெறுமை கருவியின் இயலாமையால் விளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நின்று சேவை பெற்றவர் தெளிவாகவும், குனிந்து சேவை செய்தவர் மங்கலாகவும் விழுந்தது தற்செயல். பின்னால் வந்தவர்கள் அந்தத் தற்செயலை ஓர் அழகியலாக்கிவிட்டார்கள் என்பதே என் மனக்குறை.

1860-களில் ஷார்ல் மார்வில், நகராட்சியின் பணியில், ஓஸ்மான் இடித்துத் தள்ளவிருந்த பழைய தெருக்களை நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் பதிவு செய்தார். ஈரம் மின்னும் கல் பாவிய சந்துகள். ஆள் மிக அரிது. வெறுமையாகத் தெரியும் அந்தச் சந்துகளில் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள் என்பது வரலாறு. இடிபடப் போகும் இடத்தில் யாருமில்லை என்று ஒரு படம் தோற்றம் தருவது இடிப்பவருக்கு எவ்வளவு வசதி என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து அட்ஜே. வெற்று நகரப் படத்தைக் குறை சொன்னால் உடனே அட்ஜேயின் பெயரைக் கேடயமாகத் தூக்குகிறார்கள். 1890-களிலிருந்து 1927-இல் இறக்கும்வரை யூஜின் அட்ஜே கனத்த மரக் கேமராவைச் சுமந்துகொண்டு பாரிஸை எடுத்தார், பெரும்பாலும் விடிகாலையில். அவர் படங்களின் ஆளற்ற தெருக்களைக் குற்றம் நடந்த இடத்தின் படங்களோடு ஒப்பிட்டு வால்டர் பெஞ்சமின் 1930-களில் எழுதியது புகழ்பெற்றது. நம் விமரிசகர்கள் அந்த ஒப்புமையை மேற்கோள் காட்டுவார்கள். அதன் பொருளை விட்டுவிடுவார்கள். குற்றம் நடந்த இடத்தைப் படமெடுப்பது தடயத்துக்காக. இங்கே யார் இருந்தார், என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று கேட்கச் செய்வதற்காக. அந்த வெறுமை பார்ப்பவனை நிம்மதியாக ரசிக்க விடாது, அவனைச் சாட்சியாக்கும். ஆகஸ்ட் படங்களின் வெறுமை எவரிடமும் எதையும் கேட்பதில்லை. அது தாலாட்டுகிறது.

மேலும், அட்ஜே வெற்றுத் தெருக்களை மட்டும் எடுத்தவர் அல்லர். தெருவில் கூவி விற்பவர்களை, சிறு தொழில் செய்பவர்களை அவர் தனி வரிசையாக எடுத்தார். 1912, 1913 ஆண்டுகளில் நகர எல்லையில் குடிசை போட்டு வாழ்ந்த கந்தல் பொறுக்குவோரை அவர்களுடைய வாசலிலேயே நிறுத்தி எடுத்தார். 1912 சூரிய கிரகணத்தின்போது பஸ்தீய் சதுக்கத்தில் அண்ணாந்து நின்ற கூட்டத்தை எடுத்தார். நகரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்த கண் அது. அந்தக் கண்ணை விட்டுவிட்டு அவருடைய விடிகாலை வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் அட்ஜேயின் வாரிசுகள் ஆகமாட்டார்கள்.

ஒருவர் ஆனார் என்று சொல்வேன். பாரிஸில் தாகேரின் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் வாழ்ந்த ஆன்யெஸ் வர்தா 1970-களின் நடுவில் 'தாகெரியோடைப்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். கைக்குழந்தையை விட்டு வெகுதூரம் போக முடியாத நிலை. தம் வீட்டிலிருந்து இழுத்த மின்கம்பி எட்டிய சுமார் 90 மீட்டர் தூரத்துக்குள் இருந்த மனிதர்களையே எடுத்தார்: ரொட்டிக்காரர், இறைச்சிக்கடைக்காரர், தையற்காரர், வாசனைப் பொருள் விற்ற முதிய தம்பதியர். மனிதர்களைத் தொலைத்த தகட்டுக்குச் சொந்தக்காரரின் பெயர் தாங்கிய தெருவில், அந்த மனிதர்களை ஒவ்வொருவராக மீட்டுக் கொண்டுவந்த படம் அது.

4

இனி 2003-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டின் முதல் இரண்டு வாரங்கள் பிரான்சை வெப்ப அலை தாக்கியது. பாரிஸில் 12-ஆம் தேதி வெப்பம் 40 டிகிரியை நெருங்கியது. நம் ஊர்க் கோடையை அறிந்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அந்த நகரம் குளிரை எண்ணிக் கட்டப்பட்டது. இரவிலும் வெப்பம் தணியவில்லை. சில இரவுகளில் 25 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பாரிஸின் கூரைகளில் பெரும்பகுதி துத்தநாகத் தகடு. வானத்தின் சாம்பல் நிறத்தோடு கலந்துபோகும் அந்தக் கூரைகளை எடுக்காத புகைப்படக்காரர் இல்லை. அந்தக் கூரை வேயும் கைத்திறன் 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. வேய்ந்தவர்களின் திறமைக்கு அது தகும். ஆனால் அந்தத் தகட்டுக்கு நேர் கீழே, ஆறாம் ஏழாம் மாடியில், சிறு சிறு அறைகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழ்த்தள முதலாளிகளின் பணிப்பெண்களுக்காகக் கட்டப்பட்டவை. இப்போது அவற்றில் மாணவர்களும் குடியேறிகளும் தனித்துவிட்ட முதியவர்களும் வாழ்கிறார்கள். பல கட்டடங்களில் அவ்வளவு உயரத்துக்கு மின்தூக்கி கிடையாது. 2003 ஆகஸ்டில் அந்த அறைகள் அடுப்புகளாயின.

பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஆகஸ்ட் 1 முதல் 20 வரை நாடு முழுவதும் வழக்கத்தைவிட 14,802 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பிணவறைகள் நிரம்பிவிட்டதால் நகருக்கு வெளியே ரன்ஜிஸ் மொத்தச் சந்தையின் குளிர்பதனக் கூடம் பிணக்கிடங்காயிற்று. குடியரசுத் தலைவர் கனடாவில் விடுமுறையில் இருந்தார். சுகாதார அமைச்சர் தெற்கில் தம் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி தொலைக்காட்சிக்குப் பேட்டியளித்தார். உரிமை கோர ஆளில்லாத 57 உடல்கள் செப்டம்பர் 3-ஆம் தேதி பாரிஸின் தெற்கேயுள்ள தியே கல்லறையில் புதைக்கப்பட்டன. அன்று குடியரசுத் தலைவரும் மேயரும் வந்து நின்றார்கள்.

அந்த இரண்டு வாரங்களிலும் தெருக்கள் ஆகஸ்ட் தெருக்களாகவே இருந்தன. நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன, கதவுகள் மூடியிருந்தன, வெயில் சாய்ந்து விழுந்தது. எந்தக் கேமரா அந்தத் தெருவைப் பார்த்திருந்தாலும் அதே அழகிய மௌனத்தைத்தான் பதிவு செய்திருக்கும். மேலே ஏழாம் மாடியில் ஒருவர் தண்ணீருக்கு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார் என்பது அந்தப் படத்தில் விழுந்திருக்காது.

புகைப்படக்காரர்கள் அவர்களைக் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மடமை. வெப்பம் கொன்றது, தனிமை கொன்றது, விழித்துக்கொள்ளாத நிருவாகம் கொன்றது. நான் சொல்வது இது: ஆகஸ்டில் பாரிஸில் யாருமில்லை என்ற நம்பிக்கையில் அரசும் அண்டை வீட்டாரும் உறவினரும் வெகுகாலம் வாழ்ந்தார்கள், அந்த நம்பிக்கைக்கு உருவம் கொடுத்த படிமங்களில் இந்தப் புகைப்படமும் ஒன்று. சிறந்த ஒளி, சிறந்த சட்டகம், பொய்யான வாக்கியம்.

ரிச்சர்ட் கெல்லர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், கேட்பாரற்று இறந்த அவர்களின் முகவரிகளைத் தேடிக் கதவு கதவாகப் போய், அண்டை வீட்டார் நினைவில் எஞ்சியவற்றைத் திரட்டி 2015-இல் ஒரு நூல் எழுதினார். செய்ய வேண்டிய வேலை அதுதான். அரசும் ஒரு பாடம் கற்றது. 2004-இல் வந்த சட்டம், தனித்து வாழும் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் ஒரு பெயரேட்டை ஒவ்வொரு ஊராட்சியும் வைத்திருக்க வேண்டும், வெப்ப எச்சரிக்கை வந்தால் அதிலுள்ளவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும் என்றது. விரும்பியவர் மட்டுமே பதியும் ஏடு அது. அதனால் குறைகள் உண்டு. 2023 கோடையிலும் வெப்பத்தால் நேர்ந்த இறப்புகள் 5,000-ஐத் தாண்டியதாக அந்நாட்டுப் பொதுச் சுகாதார முகமை கணித்தது. இருந்தும் ஒன்று நடந்திருக்கிறது. 'யாருமில்லை' என்ற சொல்லைக் கைவிட்டு, 'யார் இருக்கிறார்' என்று கேட்க அரசு பழகிக்கொண்டது. கலை இன்னும் பழகவில்லை.

5

யார் இருக்கிறார் என்ற கேள்விக்கு விடை தேடி நகரின் வடக்கே போவோம்.

லா ஷப்பெல் பகுதியைத் தமிழ் வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1983-க்குப் பின் ஏதிலிகளாக வந்த ஈழத் தமிழர்கள் கடைகளும் உணவகங்களும் அமைத்து உருவாக்கிய தெருக்கள் அவை. அருகில் 1985-இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம். அதன் தேர்த் திருவிழா ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிறன்று நடக்கிறது. பல்லாயிரவர் கூடுகிறார்கள்; தெருவில் தேங்காய்கள் மலையெனக் குவித்து உடைக்கப்படுகின்றன; காவடியும் நாகசுரமும் தவிலும் போகின்றன. பாரிஸ் 'இன்னும் திரும்பி வராத' அதே நாட்களில் பாரிஸின் தெருவில் தேர் ஓடுகிறது. ஆளற்ற நகரம் எடுக்கப் போனவர் அங்கிருந்து சில மெட்ரோ நிறுத்தங்கள் தள்ளித் தன் வெற்றுப் பாலத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

அந்தக் கூட்டத்தில் பலர் ஆண்டு முழுவதும் பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவியவர்கள், அலுவலகங்களை விடியுமுன் துடைத்தவர்கள். தாகேரின் தகட்டில் மங்கிப்போன அந்தக் குனிந்த மனிதரின் தொழில்வழி உறவினர் என்று இவர்களைச் சொல்லலாம். நமக்கு இந்த பாரிஸைத் தெரியும். ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001-இல் வந்தபோதே தெரிந்துவிட்டது. அகதி விண்ணப்பமும் நிராகரிப்புக் கடிதமும் அங்கே ஓர் ஊரின் நிலவியலாக இருந்தன. தெரிந்திருந்தும், வெளியிலிருந்து வரும் வெற்றுத் தெருப் படத்தைப் பார்த்தவுடன் அந்த அறிவை உதறிவிட்டு, 'ஆஹா, ஆளற்ற பாரிஸ்' என்று நாமும் சேர்ந்து பாடுவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. நம்மவர் நிறைந்திருக்கும் தெருவை யாருமற்றது என்று நாமே மொழிபெயர்த்து ரசிக்கிறோம்.

ஆகஸ்ட் வேறு சிலவற்றுக்கும் உகந்த மாதம். 1996 ஆகஸ்ட் 23 அன்று அதே வட்டாரத்திலுள்ள சான் பெர்னார் தேவாலயத்தின் கதவைக் காவலர்கள் கோடரியால் உடைத்து உள்ளே புகுந்தார்கள். ஆவணங்களில்லாத சுமார் 300 ஆப்பிரிக்கர்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு, அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார்கள். 2005 ஆகஸ்ட் 25 நள்ளிரவையொட்டி வன்சான் ஓரியோல் பெருந்தெருவில் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த கட்டடம் தீப்பற்றி எரிந்ததில் 17 பேர் இறந்தார்கள். 14 பேர் குழந்தைகள். நான்கு நாட்களுக்குள் மற்றொரு கட்டடத்தில் தீ. ஏழு பேர் இறந்தார்கள். எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்ட நகரத்தில் அத்தனை குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று அந்தப் பட வரியை எழுதுகிறவர்களைக் கேட்கிறேன்.

6

எதிர்த்தரப்பு சொல்லக்கூடியவற்றை நானே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: புகைப்படக்காரர் எதையும் அழிக்கவில்லை, கண்முன் இருந்ததைப் பதிவு செய்தார். உண்மையில் அவர் காத்திருந்தார். தெருக்கூட்டும் வண்டி கடந்து போகக் காத்திருந்தார். பையைச் சுமந்து வந்த மூதாட்டி மூலை திரும்பும்வரை காத்திருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஒரே இடத்தில் பல படங்கள் எடுத்து, மென்பொருளால் அவற்றைச் சேர்த்து, நகர்ந்தவர்களை நீக்குகிறார்கள். இப்போது கைப்பேசியே ஒரு விரல் தடவலில் ஆளை அழித்துத் தருகிறது. தாகேருக்கு இயலாமையால் நேர்ந்ததை நாம் வசதியாகச் செய்துகொள்கிறோம். பெரும்பாலும் முதலில் அழிக்கப்படுகிறவர் யார்? மஞ்சள் மேலங்கி அணிந்த துப்புரவுப் பணியாளர். அவர் நிறம் சட்டகத்தைக் கெடுக்கிறதாம்.

இரண்டாவது: பிரெஞ்சுச் சட்டம் தனிமனிதரின் உருவ உரிமையைக் காக்கிறது, அந்நியர் முகத்தை எடுத்து வெளியிடுவதில் அறச் சிக்கல் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். இது மதிக்கத்தக்க வாதம். ஆனால் மனிதர் இருப்பதைக் காட்ட முகம் தேவையில்லை. மூடிய நாற்பது சாளரங்களுக்கு நடுவே திறந்திருக்கும் ஒன்று போதும். அதன் கம்பியில் உலரும் ஒரு துண்டு போதும். கடைக் கதவில் ஆண்டு விடுமுறை அறிவிப்பை எழுதி ஒட்டியவர், அண்மையில் திறந்திருக்கும் மற்றொரு கடையின் முகவரியையும் சேர்த்து எழுதியிருந்தால், அந்தத் தாளே போதும்.

மூன்றாவது: இது கட்டடங்களைப் பற்றிய கலை, சமூகவியல் அல்ல. அப்படியானால் கட்டடம் என்று சொல்லுங்கள். கப்ரியேலே பாசிலிகோ 1978 முதல் 1980 வரை மிலான் நகரின் தொழிற்சாலைகளை ஆளில்லாமல் எடுத்தார். அந்த வரிசைக்குத் தொழிற்சாலைகளின் உருவப்படங்கள் என்று பெயரிட்டார். மனிதருக்கு எடுக்கும் உருவப்படத்தின் கண்ணியத்தைச் சுவருக்குக் கொடுத்தார். சுவரிலிருந்து உழைப்பை அகற்றவில்லை. நகரம் காலியாகிவிட்டது என்று அறிவிக்கவும் இல்லை. வெறுமையை எடுப்பது குற்றமன்று. வெறுமை என்று பெயரிடுவதில்தான் பொய் புகுகிறது.

2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கின்போது உலகத் தலைநகரங்களின் வெற்றுப் படங்கள் குவிந்தன. அங்கும் இதே கதை நடந்தது. அந்த வெற்றுத் தெருவின் நடுவே உணவுப் பையை முதுகில் சுமந்து மிதிவண்டியில் போனவரை எத்தனை பேர் சட்டகத்துக்குள் விட்டார்கள்? நகரம் உறங்கியது என்று எழுதினோம். உறங்க முடிந்தவர்கள் உறங்கினார்கள். அவர்களுக்குச் சோறு வந்துகொண்டிருந்தது.

7

கடைசியாக என் துறைக்குத் திரும்புகிறேன்.

கோடையில் ஊரை விட்டுப் போவதைத் தமிழைப்போல் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆராய்ந்த மொழிகள் குறைவு. பாலைத் திணைக்கு வேனிலும் நண்பகலும் பொழுதாகின்றன. பிரிதல் அதன் உரிப்பொருள். ஆனால் தொல்காப்பியர் பிரிதலை மட்டும் தனியே நிற்க விடவில்லை. இருத்தலையும் ஓர் உரிப்பொருளாக வைத்தார். மரபு அதை முல்லைக்கு உரியதாக்கியது. போகிறவனுக்கு ஒரு திணை உண்டென்றால் இருப்பவளுக்கும் ஒரு திணை உண்டு. போனவனைப் பாடிவிட்டு, வீட்டில் எவருமில்லை என்று எந்தப் புலவரும் எழுதவில்லை. வீட்டில் இருப்பவளிடமிருந்தே பாட்டுப் பிறந்தது.

பாலை நிலத்தையும் பாருங்கள். நீரற்று நிழலற்று வெந்து கிடக்கும் வழி. அதைப் பாடிய புலவர்கள் அங்கே செந்நாயைக் கண்டார்கள், நீர் தேடி அலையும் யானையைக் கண்டார்கள், துணையை அழைக்கும் புறாவைக் கண்டார்கள், உப்பு வண்டி ஓட்டும் உமணரையும் வில்லேந்திய எயினரையும் கண்டார்கள். உண்மையிலேயே வறண்டு வெறிச்சோடிய நிலத்தில் இத்தனை உயிர்களைக் கண்ட கண்ணுக்கு வாரிசுகள் நாம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு நகரத்தைப் பார்த்து, அதில் யாருமில்லை என்று சொல்லும் படத்துக்குக் கைதட்டுவது நமக்கு அழகில்லை.

வெற்றுத் தெருவை எடுக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. விடிகாலை வெளிச்சம் எல்லோருக்கும் பொது. கேட்பது ஒன்றே ஒன்று. படம் எடுத்தபின் ஒரு நிமிடம் அந்தத் தெருவில் நின்று, திறந்திருக்கும் சாளரங்களை எண்ணுங்கள். துத்தநாகக் கூரையின் கீழே இருக்கும் சிறிய சாளரங்களையும் விடாமல் எண்ணுங்கள். அந்த எண்ணைப் படத்தின் அடியில் எழுதுங்கள். 'எல்லோரும் போய்விட்டார்கள்' என்று எழுதும் இடத்தில் 'பதினொரு சாளரங்கள் திறந்திருந்தன' என்று எழுதுங்கள். 2003 ஆகஸ்டில் யாரேனும் அப்படி எண்ணியிருந்தால், திறந்த சாளரம் மூன்று நாளாக மூடப்படாததைக் கவனித்திருப்பார். ஏழு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டியும் இருப்பார்.